நாய் எழும்பும் நேரம்

"நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் இது செத்துப்போனால் நான் என்ன செய்ய வேண்டும்?"

வீட்டுக்காரர்களோடு முதன்முதலாக வீடியோவில் பேசும்போது இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. எடுத்த எடுப்பில் கேட்க மாட்டேன். அவர்கள் சமையலறையைக் காட்டி, தோட்டத்தைக் காட்டி, சோபாவில் சுருண்டு கிடக்கும் பூனையை எழுப்பி காமிராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, எல்லாம் முடிந்த பிறகு கேட்பேன். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். அபசகுனம் பார்ப்பதில் வெள்ளைக்காரர்கள் நம்மவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. வேறு சிலர், "அதற்கு இப்போதுதானே ஏழு வயது" என்று பேச்சை மாற்றுவார்கள். ஒரு சிலர்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்த வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், தூக்கிக்கொண்டு போவது, எவ்வளவு வரை செலவு செய்யலாம், தங்களைப் பிடிக்க முடியாவிட்டால் யாரைக் கேட்பது என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்த வீட்டை எடுத்துக்கொள்வேன்.

அடுத்தவர் வீட்டுக்கும் பிராணிக்கும் காவல் இருப்பதுதான் என் தொழில். தொழில் என்று சொன்னாலும் இதில் காசு கைமாறுவதில்லை. வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போகும்போது நாம் போய் அவர் வீட்டில் தங்க வேண்டும். நாயையோ பூனையையோ, சில இடங்களில் கோழியையும் தக்காளிச் செடியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் கூலி தருவதில்லை, நாம் வாடகை தருவதில்லை. இரண்டு தரப்பையும் கோத்துவிடும் இணையதளங்களுக்கு ஆளுக்கு ஓர் ஆண்டுச் சந்தா. இவற்றில் பெரியதான டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் 2010இல் இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் ஊரில் தொடங்கியது. நாள் கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு இதையே பிழைப்பாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரிக்கணக்கு, இன்சூரன்ஸ் என்று வேறு பாடுகள். நான் கூரைக்காகச் செய்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள்.

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் வீட்டுச் சாவியை எப்படித் தருகிறார்கள் என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். பாசம் ஒரு காரணம்தான். கணக்கும் இருக்கிறது. நாயைக் கென்னல் என்கிற நாய் விடுதியில் விட்டால் நாளுக்கு இருபத்தைந்து, முப்பது பவுண்டு ஆகிவிடும். இரண்டு நாயும் மூன்று வார விடுமுறையும் என்றால் விமான டிக்கெட்டைவிட அது கூடிவிடும். வயதான பூனையைக் கூண்டு விடுதியில் விட்டால் சாப்பிடாமல் கிடக்கும். பூனைக்கு ஆளைவிட இடம்தான் முக்கியம். அப்புறம் வீட்டு இன்சூரன்ஸ். பல பாலிசிகளில் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் வீடு ஆளில்லாமல் கிடந்தால், தண்ணீர்க் குழாய் வெடித்ததற்கும் திருட்டுக்கும் பணம் வராது. ஜனவரியில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கிற நாட்டில் இது சின்ன விஷயமில்லை. ஆக, அந்த வீட்டுக்கு ராத்திரி விளக்குப் போடவும் ஹீட்டரை ஓடவிடவும் ஒரு மனுஷி வேண்டும்.

நான் செவிலியர். நாகர்கோவில் பக்கம் பிறந்து, அங்கேயே நர்ஸிங் படித்து, சவுதியில் சில வருடம் இருந்து, 2002இல் இங்கிலாந்துக்கு வந்தேன். அந்த வருடங்களில் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ், இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் செவிலியர்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்துக்கொண்டிருந்தது. லெஸ்டரில் இதய வார்டிலேயே காலம் போயிற்று. 2019இல் அறுபது வயதில் ஓய்வு. தாமதமாக வந்து சேர்ந்தவளுக்குப் பென்ஷன் எவ்வளவு வரும்? அதில் பாதிக்கு மேல் வாடகைக்குப் போயிற்று. அரசு ஓய்வூதியம் எனக்கு 66 வயதில்தான். 2020 மார்ச்சில் ஓய்வுபெற்ற செவிலியர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போனேன். அந்த வருடத்தைப் பற்றி எழுத இது இடமில்லை. வெளியே வந்தபோது நாலு சுவருக்குள் தனியாக உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்பது மட்டும் தெரிந்தது. 2021 கோடையில், கூட வேலை பார்த்த ஐரிஷ்காரி ஒருத்தி அயர்லாந்துக்குத் தாயைப் பார்க்கப் போகும்போது தன் பூனையை என்னிடம் விட்டாள். அவளுடைய தங்கைக்கு ஒரு நாய் இருந்தது. தங்கையின் பக்கத்து வீட்டில் இரண்டு. அந்த வருடக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டேன்.

என் தங்கைக்கு விஷயத்தைச் சொன்னபோது ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எக்கா, வீட்டுக்கு நாய் காவல் கெடக்கும். நீ நாய்க்குக் காவல் கெடக்கவா லண்டனுக்குப் போன?" என்றாள். அவளுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்.

நாடோடி வாழ்க்கை என்று இதை எழுதுகிறவர்கள் மலையுச்சியில் எடுத்த படத்தைப் போடுகிறார்கள். உண்மையில் இவ்வளவு கட்டுப்பட்ட வாழ்க்கையை நான் வார்டில்கூட வாழ்ந்ததில்லை. வார்டில் பன்னிரண்டு மணி நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். இங்கே நாயை நாலு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் எழுதப்படாத சட்டம். விலங்கு நலச் சங்கமான ஆர்எஸ்பிசிஏ சொல்கிற கணக்கும் அதுதான். நாலு மணி நேரத்தில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான் என் உலகம். யார்க்‌ஷயரின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் பல வாரம் இருந்திருக்கிறேன். யார்க் நகரத்துப் பெரிய தேவாலயத்தை இன்னும் பார்த்ததில்லை. போய்வரும் நேரத்துக்கு அந்த வீட்டு லாப்ரடார் தாங்காது. ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் ஒவ்வோர் ஊரிலும் நான் கட்டுத்தறியில்தான் நிற்கிறேன். இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அறுபது வயதுக்குமேல் காலையில் எழும்புவதற்கு ஒரு காரணம் வேண்டும். அது ஈர மூக்கால் முகத்தில் இடித்தால் இன்னும் நல்லது.

அதனால், சாவுக்கு அடுத்தபடியாக நான் கேட்கும் கேள்வி, காலையில் எத்தனை மணிக்கு எழும்பும் என்பது. "சும்மா எட்டு மணி வரை தூங்கும்" என்று சொல்கிறவர்களை நம்புவதில்லை. அவர்கள் எட்டு மணிக்கு எழும்புகிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். நாய் அவர்களுக்காகப் பொறுத்துக்கொண்டு கிடக்கிறது. எனக்காகப் பொறுக்காது.

வீட்டுக்காரர்கள் போகும்போது ஒரு கையேடு எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். இருபது பக்கம் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன், ஃபிரிட்ஜில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தில் நாலு வரி எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு எழுதினாலும் தங்களுக்குப் பழகிப்போனதை எழுத மாட்டார்கள். கொல்லைக் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அவர்கள் கை தானாகத் தூக்குகிறது. ஆகவே, முடிந்தால் முதல் நாள் சாயங்காலமே போய்விடுவேன். அவர்கள் பெட்டி கட்டும் அவசரத்தில் இருந்தாலும் ஒருமுறை நாயை நடத்திக்கொண்டு போகச் சொல்லிக் கூடப் போவேன். எந்தத் தெருமுனையில் லீஷைச் சுருக்கிப் பிடிக்கிறார்கள், எந்த வீட்டு வாசலில் நாய் நின்று உறுமுகிறது என்பதெல்லாம் கையேட்டில் இருக்காது. தண்ணீர் மெயின் வால்வு எங்கே, ஃபியூஸ் பெட்டி எங்கே, எந்த நிறக் குப்பைத்தொட்டி எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்வேன். குப்பைத்தொட்டிதான் சிக்கல். மூன்று மைல் தள்ளி வேறு கவுன்சில் என்றால் நிறமும் வேறு, கிழமையும் வேறு. பச்சைத் தொட்டியில் ஒரு ஊரில் பாட்டிலைப் போட வேண்டும், அடுத்த ஊரில் புல்லைப் போட வேண்டும்.

பழைய பண்ணைவீடுகளில் ஆகா அடுப்பு இருக்கும். அரை டன் இரும்பைச் சமையலறையில் இறக்கிவைத்ததுபோல நிற்கும், எப்போதும் சூடாகவே இருக்கும், பழைய மாடல்களில் தீயைக் கூட்டக் குறைக்கத் திருகு கிடையாது. முதன்முதலில் பார்த்தபோது பயந்துவிட்டேன். இதைக் கண்டுபிடித்தவர் கஸ்டாஃப் டாலேன் என்ற ஸ்வீடன்காரர், 1912இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். அதே வருடம் ஒரு வெடிவிபத்தில் கண் போய்விட்டது. அதற்குப் பிறகு, 1922இல் செய்ததுதான் இந்த அடுப்பு. மேலே வட்டமாக இரண்டு தட்டு, ஒன்று கொதிக்கவைக்க, இன்னொன்று மெதுவாக வேகவைக்க. அந்த இரண்டாவது தட்டில் எண்ணெய் தடவி நேரடியாகவே தோசை ஊற்றலாம் என்பதை நானாகத்தான் கண்டுகொண்டேன். ஓரம் முறுகி வரும். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் மாவு புளிக்க இரண்டு நாள் ஆகும். ஆகாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே ராத்திரி. ஆனால் அந்த இடம் ஏற்கெனவே பூனைக்குப் பட்டா போட்ட இடமாக இருக்கும், அதையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி இன்னொன்று. என் கார் டிக்கியில் புட்டுக்குடமும் சின்ன குக்கரும் எப்போதும் இருக்கும். தாளிக்கிற வாசனை இன்னொருத்தர் வீட்டுத் திரைச்சீலையில் ஏறிவிடக் கூடாது. அதனால் மீன்குழம்பு வந்த மறுநாள் ஒருமுறைதான், ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு. நெத்திலி பொரிப்பதை இந்த நாட்டில் விட்டுவிட்டேன். குழம்பு வைக்கும்போது நாய் காலடியிலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளியும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். நம் சமையலில் அது இரண்டும் இல்லாத பாத்திரம் எது? அதனால் ஒரு பருக்கைகூடக் கீழே போகாது. திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் எல்லாம் நாய்க்கு விஷம். ஒரு பாரசிட்டமால் மாத்திரை போதும், பூனை செத்துவிடும். செவிலியராக ஆயுள் முழுக்க மிட்டாய் மாதிரி கொடுத்த மாத்திரை அது. இப்போது அதைச் ஜிப் போட்ட பைக்குள் வைத்து, பையை அலமாரிக்குள் வைக்கிறேன்.

ஷ்ராப்‌ஷயரில் ஒரு வீட்டில் எனக்கு வரவேற்பாக மேசைமேல் பெரிய பூங்கொத்து வைத்திருந்தார்கள். ரோஜாவுக்கு நடுவே நாலு வெள்ளை லில்லி. வீட்டில் இரண்டு பூனை. லில்லியின் மகரந்தம் பூனையின் மயிரில் பட்டு, அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் அப்படித்தான். வீட்டுக்காரர்கள் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பூனை இரண்டையும் மாடியில் அடைத்து, பூவை வெளியே கொண்டுபோய்ப் பையில் கட்டிக் குப்பையில் போட்டு, மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து, பூனைகளின் முதுகையும் மூக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் தூள் எதுவும் இல்லை. அன்று ராத்திரி வரைக்கும் வீட்டுக்காரருக்கு எதுவும் சொல்லவில்லை. அவர்கள் போய் இறங்கி, சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று தெரிந்த பிறகு, பூவுக்கு நன்றி சொல்லி, ஏன் அது இப்போது வீட்டில் இல்லை என்றும் எழுதினேன். மூன்று முறை மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. ஒருவேளை முதலிலேயே எழுதியிருந்தால் அந்தப் பெண் விமானத்தில் நாலு மணி நேரம் அழுதிருப்பாள்.

நோயாளி விலங்குகள்தான் என்னைத் தேடி வருகின்றன. என் அறிமுகப் பக்கத்தில் இதய வார்டு செவிலியர் என்று போட்டிருப்பதுதான் காரணம். கவாலியர் கிங் சார்ல்ஸ் என்ற சின்ன ஸ்பேனியல் ஜாதி இருக்கிறது, பெரிய கண்ணும் தொங்கும் காதும். வயதாக வயதாக அந்த ஜாதிக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போகும். நார்விச்சில் நான் அடிக்கடி போகும் வீட்டில் அப்படி ஒரு கிழவர் இருக்கிறார். வெட்மெடின் மாத்திரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். கூடவே நீர் பிரியும் மாத்திரை. அதனால் ராத்திரி ஒருமுறை கட்டாயம் வெளியே கொண்டுபோக வேண்டும். அவர் நன்றாகத் தூங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவேன். விலா ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடத்துக்கு முப்பதுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதற்குமேல் போய், மறுபடி எண்ணினாலும் குறையாவிட்டால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகப்பட்டு வெட்டைக் கூப்பிட வேண்டும். கனவு காணும்போது எண்ணக் கூடாது. கால் உதறும், மீசை துடிக்கும், கணக்குக் கூடிவிடும். ஒவ்வொரு ராத்திரியும் எண்ணிக்கையை ஒரு காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு வருவேன். வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய்க் கிழவருடைய டாக்டரிடம் காட்டியதில், மாத்திரை அளவை மாற்றும்போது அது உதவியாக இருந்தது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். இருபது வருடம் சார்ட் எழுதியிருக்கிறேன். யாரும் அப்படிச் சொல்லியனுப்பியதில்லை.

இன்சுலின் போடும் பூனை உள்ள வீட்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். ஊசி போடுவது பெரிய காரியமே இல்லை. பூனை தட்டில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது விலாப்பக்கத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. தின்ன மறுத்தால் ஊசி போடாமல் வெட்டுக்கு ஃபோன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. மனிதர்களுக்கு இப்போது சாதாரணமாக வரும் இன்சுலின் மில்லிக்கு 100 யூனிட். விலங்குகளுக்கென்று வரும் கேனின்சுலின், ப்ரோசிங்க் இரண்டும் மில்லிக்கு 40 யூனிட். சிரிஞ்சும் வேறு வேறு. நாற்பதுக்கு உரியது சிவப்பு மூடி, நூறுக்கு உரியது ஆரஞ்சு மூடி. ஒரு வீட்டில் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை, பூனைக்கும் சர்க்கரை. இரண்டு பேர் சிரிஞ்சும் ஒரே இழுப்பறையில் கிடந்தன. பூனையின் மருந்தை ஆரஞ்சு மூடியில் இரண்டு யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. மனித மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு. பூனை தள்ளாடி விழுந்து இழுப்பு வந்துவிடும். சில பூனைகளுக்கு மனித இன்சுலினையே எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதனால் மூடியை மட்டும் பார்த்தால் போதாது, குப்பியையும் படிக்க வேண்டும். அவருடைய சிரிஞ்சுகளை எடுத்துக் குளியலறை அலமாரிக்கு மாற்றிவிட்டு, அவர் கண்ணில் படும் இடத்தில் சீட்டு ஒட்டிவைத்துவிட்டு வந்தேன்.

செத்துப்போனால் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்ன ஒரு பெண்மணியின் வீட்டில்தான் அது நடந்தது. ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம். பதினெட்டு வயதுப் பூனை, சிறுநீரகம் பழுது. தோலுக்கடியில் சொட்டுநீர் ஏற்றிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் நியூசிலாந்தில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். போகும்போதே சொல்லிவிட்டார்: குழாய் வைக்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் கிடத்த வேண்டாம், நாள் வந்துவிட்டால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நாள் வந்துவிட்டதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் குடிக்காமல் உட்கார்ந்திருந்தது. வெட் வீட்டுக்கே வந்தார், இளம் பையன். இங்கே பகல், நியூசிலாந்தில் நடுராத்திரி. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவர் அந்த அம்மாளிடம் சம்மதம் கேட்டார். அந்த அம்மாள் சரி என்றார், பூனையின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார், பிறகு, "நீ அங்கே இருக்கிறாய் அல்லவா?" என்று என்னிடம் கேட்டார். முன்னங்காலில் ஒரு காசு அகலத்துக்கு மயிரைச் சிரைத்து வெட் ஊசியை ஏற்றினார். நான் பார்த்த சாவுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் மருத்துவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "இப்போது போடலாமா?" என்று என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மனிதருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. தர வேண்டுமா என்று வார்டில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

இங்கே சொந்தத் தோட்டத்தில் செல்லப்பிராணியைப் புதைக்கலாம். ஆப்பிள் மரத்தடி என்று இடமும் குறித்துக் கொடுத்திருந்தார். ஜனவரி மண், மண்வெட்டி இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். முழங்கால் ஆழத்துக்குமேல் தோண்ட வேண்டும், இல்லையென்றால் நரி பறித்துவிடும் என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு இரண்டு பேரும் சமையலறையில் டீ குடித்தோம். அந்தப் பூனை தன் வீட்டு மீன்தொட்டியில் செய்த அட்டூழியங்களை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மூரில் துட்டி வீட்டில் நடக்கிற பேச்சுதான்.

எல்லா வீடும் இப்படி மனுஷத்தனமாக இருக்காது. ஹாலில் காமிரா வைத்துவிட்டு, அதைச் சொல்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள். வாசலில் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் சோபாவில் காலை நீட்டிய ஐந்தாவது நிமிடத்தில், "எங்கள் நாய் சோபாவில் ஏறலாம், நாங்கள் கால் வைப்பதில்லை" என்று கேனரி தீவுகளிலிருந்து செய்தி வந்தால் என்ன அர்த்தம்? அந்த வீட்டுக்கு இரண்டாம் தடவை போகவில்லை. ரிவ்யூவில் எழுதினேனா என்றால், எழுதினேன், சுருக்கமாக. நல்லதை மட்டும் எழுதுவது அடுத்துப் போகிறவளுக்குச் செய்யும் துரோகம் என்பது என் கட்சி.

முகவரி இல்லாமல் இருப்பதில் உள்ள தொல்லை, வெளியே தெரிவதில்லை. என் கடிதங்கள் லெஸ்டரில் தோழி வீட்டுக்கு வருகின்றன. போகிற ஊரில் காய்ச்சல் வந்தால் மூன்று மாதம் வரை தற்காலிக நோயாளியாக அங்குள்ள டாக்டரிடம் பதிந்துகொள்ளலாம். நிலையான முகவரி இல்லாதவர்கள் 'உள்ளூர்த் தொடர்பு' அறிக்கை கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேரலாம். வீடற்றவர்களுக்காக உள்ள வழி அது. கார் இன்சூரன்ஸ்காரர்களுக்குத்தான் என்னைப் புரிவதில்லை. ராத்திரியில் கார் எங்கே நிற்கும் என்று அவர்களுக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். ஒவ்வொரு வருடமும் முக்கால் மணி நேரம் ஃபோனில் விளக்குகிறேன்.

கிராமத்து வீடுகளுக்குத் தனிப் பாடம். மார்ச்சிலிருந்து மே வரை ஆடு குட்டி போடும் காலம். ஆடு மேயும் நிலத்தில் நாய் லீஷும் கட்டுப்பாடும் இல்லாமல் ஓடினால் 1953ஆம் வருடச் சட்டப்படி குற்றம், ஆட்டைத் துரத்தும் நாயை விவசாயி சுட்டுவிடவும் கூடும். மலைப்பக்கம் நடந்துவிட்டு வந்தால் நாயின் காது மடல், அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவி உண்ணி பார்க்க வேண்டும். பிறகு என் முழங்காலுக்குப் பின்புறமும். கோழியைப் பொழுது சாய்ந்ததும் அடைத்துக் கதவைச் சாத்த வேண்டும், நரி காத்திருக்கும். இன்வர்னஸ் பக்கம் ஜூன் மாதத்தில் பத்து மணிக்கு மேல்தான் பொழுதே சாயும். கோழிகள் சாவகாசமாக உலாத்திக்கொண்டிருக்க, அவற்றுக்காகத் தூக்கம் விழித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். நவம்பர் 5 பட்டாசு நாளில் எந்த நாயையும் இருட்டிய பிறகு வெளியே எடுப்பதில்லை. திரையை இழுத்து மூடி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, நாயும் நானும் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்துகொள்வோம்.

தங்கை மகனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதிலிருந்து அவனுக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. ஐரோப்பா முழுக்க வீடு வீடாகத் தங்கிச் சுற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். என் கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, இந்த நாட்டுக்குள் நான் எங்கே தங்கினாலும் கேட்க ஆளில்லை. அவனுக்கு அப்படி இல்லை. ஷெங்கன் விசா கிடைத்தாலும் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். பிரிட்டனுக்கு விசிட்டர் விசாவில் வந்தால் இங்குள்ளவர்களுக்கு வேலை செய்யக் கூடாது.

"காசே வாங்கலியே பெரியம்மா, அப்புறம் நாயைப் பாத்துக்கிறது எப்படி வேலை?" என்றான்.

காசு வாங்கவில்லை, ஆனால் ஓட்டலுக்குக் கொடுக்க வேண்டிய காசு மிச்சமாகிறதே, அதைக் கூலி என்று குடிவரவு அதிகாரி சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று கேட்டேன். 2022இல் கனடாவுக்குப் பூனை பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணை, இடையில் இறங்கிய லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலேயே பிடித்துவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டுக்கே அந்தக் கதி. பொய் சொல்லி உள்ளே போ என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் விட மாட்டார்கள். முதலில் உன் ஊரிலேயே யாருடைய நாயையாவது பார்த்துக்கொண்டு உன்னால் ஆகுமா என்று பார் என்றேன்.

கேட்டுக்கொண்டான். கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, அவளுடைய லாப்ரடாரைப் பார்த்துக்கொள்ள அவள் ஃபிளாட்டுக்கே போய்த் தங்கினான். முதல் நாள் ராத்திரி நாயோடு படம் எடுத்து அனுப்பினான். மறுநாள் விடியும் முன்னமே ஃபோன்.

"பெரியம்மா, நாலரை மணிக்கு எழுப்பிவிட்டிருச்சு. ஒன்பதாவது மாடி, லிஃப்ட் வேற ஓடல."

"எத்தனை மணிக்கு எழும்பும்னு அந்தப் பிள்ளைகிட்ட கேட்டியா?"

"கேட்கல."

அவள் திரும்பி வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.